சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்

அக்கா கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். முதுகைச் சாய்க்கவில்லை. பஸ்ஸில் யாருக்கோ இடம் விடுவதற்காக எழுந்திருக்கப் போகிறவள் மாதிரி இருந்தாள்.

எதிரே மைக். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கிட்ட குனிஞ்சு பேசணுமா, நேராப் பேசினாப் போதுமா?" என்று கேட்டாள். குரல் கரகரத்தது. சொல்லில் பாதி காற்றாகவே வந்தது.

"நேராப் பேசுக்கா. உன் மக ராணி முன்னால உக்காந்திருக்கிற மாதிரி நெனச்சிக்க."

"அவ முன்னால உக்காந்திருந்தா நான் ஏன்டா இங்க வர்றேன்."

வெளியே மழை. எங்கள் பதிவு அறையின் சுவர்களில் முட்டை அட்டைகளை ஒட்டி வைத்திருந்தோம். தெருவில் போகிற பஸ் சத்தத்தை அவை ஓரளவு தடுக்கும். ஆனால் கூரை தகரம். எங்கள் ஊர் தெரணியகலையில் எதைப் பதிவு செய்வதென்றாலும் முதலில் வானத்திடம் கேட்க வேண்டும். மழை விடும்வரை காத்திருந்தோம். அவள் இரண்டு முறை இருமினாள். முந்தானையால் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள்.

அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை அவளைக் கொழும்புப் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு அவளால் பேச முடியாது.

பலாங்கொடைக் கடிதம்

நான் வேலை செய்த ரேடியோ திருத்தும் கடையைப் பற்றி இந்தத் தொடரில் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு, பலாங்கொடையிலிருந்து ஓர் இளைஞர் கடிதம் போட்டிருந்தார். வீட்டிலேயே பாட்டுகளைப் பதிவு செய்கிறாராம். முள் ஆடுகிற மீட்டர் உள்ள கருவி நல்லதா, விளக்குகள் வரிசையாக ஏறி இறங்குகிற மீட்டர் உள்ளது நல்லதா, எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தார்.

இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலில் என் அக்கா புஷ்பம் இருக்கிறாள்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பதிவு செய்கிற மெஷினுக்குள் சத்தம் எவ்வளவு போகிறது என்று காட்டுவதற்கு ஒரு மீட்டர் இருக்கும். சத்தம் அளவுக்கு மிஞ்சிப் போனால் கிழிந்துபோகும். அளவுக்குக் குறைந்து போனால், கேசட் நாடாவுக்கென்றே ஓர் இரைச்சல் உண்டு, அந்த 'ஸ்ஸ்' என்ற இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஓட்ட வேண்டும். அதுதான் தொழிலே.

தப்பா, தகரமா

கடை ஜயதிஸ்ஸ அய்யேயுடையது. அண்ணனைச் சிங்களத்தில் அய்யே என்பார்கள். அவர் என்னை மல்லி என்று கூப்பிடுவார். தம்பி என்று அர்த்தம். முன்பக்கம் ரேடியோ, டீவி திருத்துவோம். பின்னறையில் பதிவு. குவைத்துக்கும் லெபனானுக்கும் வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு வீட்டிலிருந்து கேசட்டில் பேசி அனுப்புகிற காலம் அது. சிங்களக் குடும்பங்களும் வரும், தோட்டத்திலிருந்து எங்கள் ஆட்களும் வருவார்கள். கடிதம் எழுதத் தெரியாதவர்களுக்கு எங்கள் பின்னறைதான் தபால் கந்தோர்.

முதலில் எங்களிடம் இருந்தது ஒரே மெஷின். அதில் இரண்டு முள் மீட்டர். மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டு முள்ளும் சோம்பேறித்தனமாக எழுந்து உட்காரும். ஜயதிஸ்ஸ அய்யேவுக்கு அந்த மெஷின் என்றால் உயிர்.

ஒரு வருடம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவைப் பதிவு செய்து தருகிறேன் என்று கோயில் கமிட்டியிடம் நானாகப் போய்க் கேட்டேன். மெஷினைத் தூக்கிக்கொண்டு போனேன். பத்துத் தப்பு மேளம், இரண்டு உறுமி. முள்ளைப் பார்த்தேன். நல்ல பிள்ளையாக நடுவில் நின்று ஆடிக்கொண்டிருந்தது. திருப்தியாகப் பதிவு செய்தேன்.

கேட்டுப் பார்த்தால் ஒரே பொரிகிற சத்தம். தப்பில் குச்சி விழுகிற அடி கண் இமைப்பதற்குள் வந்து போய்விடும். அதைக் காட்டுகிற வேகம் முள்ளுக்குக் கிடையாது. அது எழுந்திருக்கும்முன் அடி போய்விட்டிருக்கும். மெஷினுக்குள் சத்தம் கிழிந்துகொண்டிருக்க, முள் நிம்மதியாக ஆடியிருக்கிறது.

கமிட்டித் தலைவர் கேசட்டைக் கேட்டுவிட்டு, "நம்ம ஆளுங்க தப்பு அடிச்சாங்களா, தகரம் அடிச்சாங்களா தம்பி?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பல மாதம் போகவில்லை.

புறக்கோட்டைக் கடையில்

இரண்டாவது மெஷின் வாங்குவதென்று முடிவானபோது ஜயதிஸ்ஸ அய்யே என்னைத்தான் கொழும்புக்கு அனுப்பினார். புறக்கோட்டையில் பழைய சாமான் விற்கிற கடை ஒன்றில் இரண்டு மெஷின் இருந்தது. ஒன்று எங்களுடையதைப் போலவே முள் உள்ளது. மற்றதில் விளக்கு மீட்டர். பச்சை, பச்சை, பச்சை, பிறகு மஞ்சள், கடைசியில் மூன்று சிவப்பு.

கடைக்காரர் மைக்கைப் பொருத்தித் தந்தார். நான் கையைத் தட்டினேன். விளக்குகள் அந்தக் கணமே சிவப்புவரை ஏறி விழுந்தன. மறுபடி தட்டினேன். மறுபடி ஏறின. கமிட்டித் தலைவரின் கேள்விக்கு இதோ பதில் என்று நினைத்தேன். வேறு எதையும் யோசிக்கவில்லை.

கடைக்குக் கொண்டுவந்து வைத்ததும் ஜயதிஸ்ஸ அய்யே அரை மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்து, ரேடியோச் செய்தியை ஓடவிட்டு விளக்குகளைப் பார்த்தார்.

"நல்ல மெஷின்தான் மல்லி. ஆனா இது பயந்த ஆள் மாதிரி. சின்னதுக்கும் துள்ளுது. மனுசன் கதைக்கிறதுக்கு முள்ளுதான் நல்லம். முள்ளு நம்ம காது மாதிரி."

"உங்க முள்ளுதான அய்யே என்னக் கோயில்ல மானம் கெடுத்தது" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு எழுந்து போனார். அதன்பின் அவர் பழைய மெஷினில் பதிவு செய்வார், நான் புதியதில். அடுத்த திருவிழாவை அதில்தான் பதிவு செய்தேன். தப்பு ஒவ்வோர் அடியும் கணீரென்று விழுந்தது. கமிட்டித் தலைவர் இருபது கேசட் வேண்டுமென்றார். எனக்குத் தலை நிமிர்ந்தது.

அக்கா

எங்கள் அம்மா இறந்தபோது எனக்கு இரண்டு வயது. அக்காவுக்குப் பதினொன்று. அதற்குப் பிறகு எனக்கு அவள்தான் எல்லாம்.

தோட்டத்தில் அவளுக்குப் பிள்ளைக் காம்பிராவில் வேலை. தாய்மார் கொழுந்து எடுக்கவும் ரப்பர் பால் வெட்டவும் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள். முப்பது பிள்ளைகளை அக்காவும் இன்னொருத்தியும் பார்த்துக்கொண்டார்கள். ஒரே நேரத்தில் ஆறு பிள்ளை அழுதாலும் அக்காவின் குரல் அதற்கு மேலே கேட்கும். அந்தி நேரத்தில் அவள் மகளைக் கூப்பிட்டால் மூன்று லயத்து வரிசை வீடுகளுக்கும் கேட்கும்.

மகள் பெயர் யோகராணி. ஒரே மகள். மச்சான் மரம் விழுந்து இறந்த பிறகு, பதினோராம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு குவைத்துக்குப் போனாள். இரண்டு வருட ஒப்பந்தம். அவள் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை, அக்காவின் குரல் கட்டியது. தடுமல் என்றாள். பனி என்றாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிக் குடித்தாள். குரல் திரும்பவேயில்லை.

கடைசியில் நானே கொழும்புக்குக் கூட்டிப்போனேன். தொண்டைக்குள் கட்டி. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். எடுத்தால் உயிர் நிற்கும், பேச்சு நிற்காது.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவிசாவளை தாண்டியதும் அக்கா "ராணிக்குச் சொல்லக் கூடாது" என்றாள்.

"எப்படிக்கா சொல்லாம இருக்கிறது?"

"இன்னும் ஒன்றரை வருசம் இருக்கு அவளுக்கு. சொன்னா அழுதுக்கிட்டே கெடப்பா. அங்க அழுதா யாரு கேப்பாங்க? வேலையும் ஓடாது, வரவும் விட மாட்டாங்க."

"பெறகு உன் சத்தம் எங்கன்னு கேக்க மாட்டாளா?"

அதற்கும் அவள் யோசித்து வைத்திருந்தாள். ஆபரேஷனுக்கு முன்பே மூன்று கேசட் பேசி வைத்துவிடுவது. ஒன்றை இப்போதே அனுப்புவது. ஒன்று தீபாவளிக்கு. ஒன்று பொங்கலுக்கு. அந்தந்த நாளில் பேசிய மாதிரியே பேசிவிடுவது. மூன்றும் போய்ச் சேர்வதற்குள் ராணி வருகிற காலம் நெருங்கிவிடும்.

"அவ ஒன்கிட்டதான் போன்ல பேசுறா. அம்மா காம்பிராவுல இருக்காங்கன்னு சொல்லிக்க. சத்தியம் பண்ணு."

பஸ்ஸில் வைத்துச் சத்தியம் செய்தேன்.

மூன்று கேசட்

மழை விட்டது. நான் எழுந்தேன். ஜயதிஸ்ஸ அய்யே வாசலில் வந்து நின்றார்.

"மல்லி, அக்காட சத்தம் இப்ப மெல்லிசு. பழைய மெஷின்ல போடுங்க."

"புதுசுல நல்லா வரும் அய்யே" என்றேன்.

அவர் அக்காவுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, முன்னால் போய் திருத்திக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்தினார்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இத்தனை வருடமாக யோசித்திருக்கிறேன். பிடிவாதம் ஒரு காரணம். பயம் இன்னொரு காரணம். இது மறுபடி எடுக்க முடியாத பதிவு. இதில் சத்தம் கிழிந்துவிடக் கூடாது. சத்தம் கிழிந்தால் உடனே காட்டிக்கொடுக்கிற மெஷின் அதுதான்.

அக்கா பேசத் தொடங்கினாள். சுகம் விசாரித்தாள். கூரையில் புதுத் தகரம் போட்டதைச் சொன்னாள். காம்பிராவில் புதிதாக வந்த ஒரு பிள்ளை யார் தூக்கினாலும் அழுகிறது, தன்னிடம் மட்டும் அழுவதில்லை என்று சொன்னாள். மெல்லிய குரல். பச்சை விளக்குகள் இரண்டு மூன்று மட்டும் எரிந்தன.

திடீரென்று இருமினாள். விளக்குகள் ஒரே பாய்ச்சலில் சிவப்பைத் தொட்டன.

 உள்ளே போகிற சத்தத்தின் திருகைக் குறைத்தேன். மறுபடி இருமினாள். மறுபடி சிவப்பு. இன்னும் குறைத்தேன். இருமல் மஞ்சளோடு நிற்கிற இடம் வரும்வரை குறைத்துக்கொண்டே போனேன். ஹெட்போனுக்குத் தனியாக ஒரு திருகு உண்டு. அதை ஏற்றி வைத்திருந்ததால் என் காதுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

முதல் கேசட் முடிந்தது. இரண்டாவதைப் போட்டேன்.

"தீவாளிக்கு மழை பெய்யுமா, வெயில் அடிக்குமா?" என்று கேட்டாள்.

"உனக்கு எது வேணுமோ சொல்லுக்கா."

"மழைன்னே சொல்லிர்றேன். நம்ம ஊர்ல அது பொய்யாப் போகாது."

சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பிறகு, வராத தீபாவளியைப் பற்றி இருபது நிமிடம் பேசினாள். விடிகாலையில் எண்ணெய் வைத்துக் குளித்ததாகவும், பலகாரம் சுட்டதாகவும், என் சட்டையின் நிறம் தனக்குப் பிடிக்கவில்லை என்றும் சொன்னாள். பொங்கல் கேசட்டில் பால் எந்தப் பக்கம் பொங்கியது என்றுகூடச் சொன்னாள். நடுவில் இரண்டு முறை தண்ணீர் குடித்தாள். நான் அவள் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. சிவப்பு விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும், "நல்லா வந்திருக்கா?" என்று கேட்டாள்.

முதல் ஒரு நிமிடத்தை ஹெட்போனிலேயே கேட்டுவிட்டு, "நல்லா வந்திருக்கு" என்றேன்.

செவ்வாயும் புதனும்

திங்கட்கிழமை அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தேன். செவ்வாய் பிற்பகல், ராணிக்கு அனுப்பப் பிரதி எடுப்பதற்காக முதல் கேசட்டைப் போட்டு, கடை ஸ்பீக்கரில் ஓடவிட்டேன்.

முதலில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் வந்தது. அதற்குள்ளே எங்கோ தூரத்தில் ஒரு பெண் பேசுவது மாதிரி இருந்தது. பிறகு இருமல். அது மட்டும் பக்கத்தில் ஆள் உட்கார்ந்து இருமுவது போல அவ்வளவு தெளிவாக வந்தது. மறுபடி இரைச்சல். சத்தத்தை ஏற்றினேன். இரைச்சலும் கூடவே ஏறியது. மற்ற இரண்டையும் போட்டுப் பார்த்தேன். அவை அதைவிட மோசம்.

ஜயதிஸ்ஸ அய்யே கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு வந்தார். மூன்றையும் நின்றபடியே கொஞ்சம் கொஞ்சம் கேட்டார்.

"முள்ளா இருந்தா அக்காட சத்தத்துக்கு எழும்பவே எழும்பாது. நீங்க சத்தத்த ஏத்தியிருப்பீங்க" என்றார். "இருமல் கொஞ்சம் கிழிஞ்சாலும் பரவாயில்ல, மல்லி. அத யாரு கேக்கப் போறா."

அவர் குறை சொல்லவில்லை. உண்மையைச் சொன்னார்.

வெள்ளிக்கிழமைக்குத்தானே ஆபரேஷன். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினேன். சின்ன ரெக்கார்டர் ஒன்றைத் துவாயில் சுற்றிப் பையில் வைத்திருந்தேன். வார்டில் ஒரு மூலையில் வைத்து, அரை மணி நேரம் பேசச் சொன்னால் போதும். மெஷினில் மீட்டரே கிடையாது. அது கிழிந்தாலும் சரி, நெரிந்தாலும் சரி என்று நினைத்துக்கொண்டே போனேன்.

அக்காவின் கட்டில் காலியாக இருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்களப் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள்.

"உதேம கெனிச்சா மல்லி" என்றாள். காலையிலேயே கொண்டுபோய்விட்டார்களாம். அன்றைக்கு ஆபரேஷன் இருந்த ஒருவருக்குக் காய்ச்சல் என்று அக்காவின் முறையை முன்னால் எடுத்திருக்கிறார்கள். இன்னும் சீக்கிரமாக நடக்கிறது நல்லதுதானே என்று அக்காவே சம்மதித்தாளாம்.

பையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தேன். மாலையில் ஒரு நிமிடம் பார்க்க விட்டார்கள். கழுத்தில் கட்டு, நடுவில் ஒரு குழாய். என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். பழக்கத்தில் திறந்திருக்கிறாள். பிறகு மூடிக்கொண்டாள்.

தொலைபேசி

கேசட் கெட்டுப்போனதை அக்காவிடம் நான் சொல்லவில்லை. அனுப்ப வேறு நல்ல கேசட்டும் இல்லை. கடைவீதியிலிருந்து குவைத்துக்குத் திரும்பிப் போன ஒரு பெண்ணிடம் முதலாவதைக் கொடுத்து அனுப்பினேன். சும்மா இருப்பதற்கு இதுவாவது போகட்டும் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை கடை டெலிபோன் அடித்தது.

"மாமா, அம்மாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல ராணி. ஏன்?"

"கேசட்ல இருமுறாங்க."

"தடுமல்மா. மழ விடாமப் பெய்யுதில்ல."

"அம்மாவோட தடுமல் இருமல் எனக்குத் தெரியும் மாமா. இது அது இல்ல. பேசினது ஒண்ணும் வெளங்கல, இருமல்தான் வெளங்குது. அடுத்த வெள்ளிக்கிழம அம்மாவ கடைக்குக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு வார்த்த பேசினாப் போதும்."

அடுத்த வெள்ளி, அம்மா காம்பிராவில் இருக்கிறாள் என்றேன். அதற்கடுத்த வெள்ளி, சாமி கும்பிடப் போயிருக்கிறாள் என்றேன். மூன்றாவது வெள்ளி அவள் கேட்டாள்:

"மாமா, அம்மா உசுரோட இருக்காங்களா?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்கவில்லை. "மேடம் வர்றாங்க மாமா, வெக்கிறேன்" என்றாள்.

ஊருக்கு அனுப்பச் சொல்லி அவள் அந்த வீட்டில் கேட்டிருக்கிறாள். ஒப்பந்தம் முடியாமல் முடியாது என்றுவிட்டார்கள். பாஸ்போர்ட் அவர்களிடம் இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் அவள் அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு வேறொருவர் வீட்டுத் தரையைத் துடைத்தாள். அக்கா எதிலிருந்து அவளைக் காப்பாற்ற நினைத்தாளோ, அதையே என் கையால் அவளுக்குக் கொடுத்துவிட்டேன்.

பலாங்கொடை நண்பருக்கு உரிய பதிலை இங்கே எழுதிவிடுகிறேன். மேளத்துக்கு விளக்கு நல்லது. பேச்சுக்கு முள் நல்லது. நாடா கொஞ்சம் மிஞ்சினால் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் பொறுக்காது. உங்கள் புதிய கருவிகளில் அது நேர்மாறு என்கிறார்கள், எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் பதிவு செய்ததை, பேசியவர் எழுந்து போகும்முன் முழுவதும் கேட்டுப் பாருங்கள்.

நான் செய்த இன்னொன்று

இதைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க முடியாது.

அக்கா வீட்டுக்குப் போவதை நான் குறைத்துக்கொண்டேன். முதலில் வாரம் ஒரு முறை போனேன். பிறகு மாதம் ஒரு முறை. பிறகு அரிசி, மருந்து எல்லாவற்றையும் தோட்டத்துக்குப் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்பினேன். கேசட் நல்லா வந்திருக்கு என்று பொய் சொல்லியிருந்தேன். சத்தியத்தை மீறியிருந்தேன். அவள் எதிரில் உட்கார்ந்தால், அவள் பேச மாட்டாள், நான் மட்டும் பேச வேண்டும். எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

ஒருநாள் காலை பதினொரு மணி இருக்கும். கடைக்கு எதிரே பஸ் நிற்கிற இடத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. கையில் ஒரு பை. கடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நடுவில் லொறிகள் போய்க்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் வர அவளுக்குப் பயம். மற்றவர்களாக இருந்தால் அங்கிருந்தே பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

அவள் கையை உயர்த்தி ஆட்டினாள்.

நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, திறந்து வைத்திருந்த ரேடியோவுக்குள் குனிந்துகொண்டேன். எவ்வளவு நேரம் குனிந்திருந்தேன் என்று தெரியாது. நிமிர்ந்தபோது பஸ் போயிருந்தது. அவளும் இல்லை.

கூப்பிடக் குரல் இல்லாதவளிடம் இதைச் செய்தேன். கேசட்டைக் கெடுத்தது தெரியாமல் செய்தது. இது தெரிந்தே செய்தது.

ராணி வந்தாள்

ஒப்பந்தம் முடிந்து ராணி வந்து இறங்கினாள். நான் விமான நிலையத்துக்குப் போகவில்லை. கடையில் வேலை என்று சொல்லி, பக்கத்து லயத்து ஆளை அனுப்பினேன். ஒன்பது பத்து நாள் கழித்து அவளே கடைக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். முன்பு இல்லாத ஒரு நிதானம் வந்திருந்தது.

"மிச்ச ரெண்டு கேசட்டும் எங்க மாமா?"

எடுத்துக் கொடுத்தேன். "ஒண்ணும் வெளங்காது ராணி. என் தப்பு. நான்தான்..."

"தெரியும். அம்மாக்கிட்டயும் சொல்லிட்டேன். கேசட் கெட்டுப்போனதும், நீங்க எனக்குச் சொல்லிட்டதும்."

நான் ஜயதிஸ்ஸ அய்யேயைப் பார்த்தேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

"அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என்ன வார்த்தையைக் கேட்டுவிட்டேன் என்று உறைத்தது.

ராணி அதைப் பொருட்படுத்தவில்லை. "இப்ப அம்மா வாய் அசைக்கிறது எனக்கு நல்லா வெளங்கும். மொத நாலு நாள் கஷ்டமா இருந்துச்சு. இப்ப வெளங்குது" என்றாள். கேசட் இரண்டையும் பையில் வைத்துக்கொண்டாள். "அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேக்கச் சொன்னாங்க."

"என்ன?"

"நீங்க ஏன் வீட்டுக்கு வர்றதில்லைன்னு கேக்குறாங்க."

ஞாயிற்றுக்கிழமை போனேன். லயத்துக்கு ஏறுகிற படிகளில் இரண்டு இடத்தில் நின்றேன். அக்கா வாசலில் பலகையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கீரையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஏதாவது சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

கையை மடக்கி, என் உச்சந்தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். நாற்பது வயதைத் தாண்டியவனுக்கு வைக்கிற குட்டு இல்லை அது. வலித்தது.

பிறகு உள்ளே போய் சோறு போட்டாள்.